தன் உடலைத் தானே அறிய: பெண்கள் நலப் பரிசோதனையும் தொழில் முனைவும்



தொழில் முனைவு என்றவுடன் மூலதனம், சந்தை, இலாபம் ஆகிய மூன்றும் பேசப்படுவது வழக்கம். வேளாண்மையிலும் வணிகத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தோய்ந்த குடும்பங்கள் கூடியுள்ள இந்த அவைக்கு அம்மூன்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. இன்றைய உரையின் பொருள் சற்றே வேறானது. ஒரு பெண் தன் உடலில் நிகழ்வதை யார் வாயிலாக, எத்தனை நாள் காத்திருந்து, எத்தனை பேருக்குப் பின் அறிகிறாள் என்பதே அது. கருவுற்றிருப்பதைச் சிறுநீர் கொண்டு கண்டறியும் எளிய வேதியியல் முறை 1960-இல் கிடைத்துவிட்டது. அது அமெரிக்கப் பெண் ஒருத்தியின் கைக்குக் கடைவழியாக வந்து சேர மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. இடையில் நின்ற தடை அறிவியல் சார்ந்ததன்று. அத்தடையை முதலில் கண்டுகொண்டவர் மருத்துவரும் அல்லர், விஞ்ஞானியும் அல்லர். ஒப்பனைப் பொருள்களுக்கு உறை வரைந்து தர வந்த 26 வயதுப் பெண் ஒருவர்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், அதற்கு முந்தைய நிலையைச் சிறிது காண வேண்டும்.

கருவுற்றிருப்பதை முன்னதாக அறியும் ஆவல் மிகப் பழையது. ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட சுவடி ஒன்று, பெண்ணின் சிறுநீரைக் கோதுமை, வாற்கோதுமை விதைகளின்மேல் நாள்தோறும் ஊற்றி, அவை முளைக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது. மூடநம்பிக்கை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆயினும் 1963-இல் ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்தபோது, கருவுற்ற பெண்களின் சிறுநீர் பத்தில் ஏழு முறை விதைகளை முளைக்கச் செய்தது. எந்த விதை முளைத்தால் ஆண், எது முளைத்தால் பெண் என்று அதே சுவடி கூறும் குறிப்பு மட்டும் பொய்த்தது.

நம்பத்தக்க சோதனை 1920-களின் பிற்பகுதியில் பெர்லின் நகரில் பிறந்தது. செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்டு சோன்டெக் என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள், கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் மிகுந்திருப்பதைக் கண்டனர். இன்று எச்.சி.ஜி. எனப்படுவது அதுவே. கரு கருப்பையில் பதிந்தபின், நச்சுக்கொடியாக வளரவிருக்கும் திசு அதைச் சுரக்கிறது. கருவுறாத, நலமான பெண்ணின் உடலில் அது அளக்கத்தக்க அளவில் இருப்பதில்லை. ஆகவே அதைக் கண்டால் கருவைக் கண்டதற்கு ஒப்பாகும். ஆனால் அதைக் காண அன்று இருந்த வழி ஒன்றே. பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு அந்தச் சிறுநீரை ஊசிவழி சில நாள் செலுத்த வேண்டும். பின் அவற்றைக் கொன்று, வயிற்றைக் கீறி, சூலகங்கள் வளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒரு விடை கூற ஐந்து சுண்டெலிகள் தேவைப்பட்டன.

1931-இல் அமெரிக்காவில் மாரிஸ் ஃபிரீட்மன் சுண்டெலிகளுக்குப் பதிலாக முயலைப் பயன்படுத்தினார். விடை விரைவில் கிடைத்தது. 'முயல் இறந்துவிட்டது' என்பது அந்நாட்டில் 'அவள் கருவுற்றிருக்கிறாள்' என்பதற்குக் குழூஉக்குறியாகவே வழங்கலாயிற்று. உண்மையில் அந்தப் பேச்சு தவறானது. பெண் கருவுற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் முயல் இறந்தது. சூலகத்தைப் பார்க்க அதைக் கொன்றாக வேண்டியிருந்தது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட குடும்பங்களின் அவையில் இதைச் சொல்லாமல் கடந்து செல்வது முறையாகாது. மகப்பேறு என்னும் மகிழ்ச்சிச் செய்திக்கும், அது இல்லை என்னும் செய்திக்கும், பல ஆண்டுக்காலம் விலையாகத் தரப்பட்டவை இந்தச் சிற்றுயிர்கள். அப்பெண்களில் பெரும்பாலோர் இதை அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

பின்னர் ஆப்பிரிக்காவின் நகத் தவளை வந்தது. லான்சலாட் ஹோக்பென் என்னும் ஆங்கிலேய உயிரியலாளர் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது அதன் இயல்பைக் கண்டறிந்தார். கருவுற்ற பெண்ணின் சிறுநீர்ச் சாற்றை ஊசிவழி ஏற்றினால், பெண் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். முட்டைகள் கண்ணுக்குத் தெரிவதால் தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. சில வாரம் கழித்து அதே தவளையை மீண்டும் பயன்படுத்தலாம். இதனால் மருத்துவமனைகள் தவளைகளைத் தொட்டிகளில் வளர்த்துப் பேணின.

1960-இல் ஸ்வீடனில் லெய்ஃப் வைட், கார்ல் ஜெம்செல் இருவரும் விலங்குக் கூண்டுக்கே தேவையில்லாத முறையை வெளியிட்டனர். அதன் இயக்கம் நுட்பமானது. ஆயினும் விளங்கிக்கொள்ள எளிது. ஆட்டின் சிவப்பணுக்களின் மேல் எச்.சி.ஜி. பூசப்படும். அந்த ஹார்மோனைப் பற்றிப்பிடிக்கும் எதிர்ப்பொருள் வேறாக வைக்கப்படும். சோதனைக் குழாயில் இவ்விரண்டையும் மட்டும் சேர்த்தால், எதிர்ப்பொருள் அணுக்களைப் பிணைத்துத் திரளச் செய்யும். இவற்றோடு கருவுற்ற பெண்ணின் சிறுநீரும் சேர்ந்தால், அதிலுள்ள ஹார்மோன் எதிர்ப்பொருளை முன்னதாகவே பிடித்துக்கொள்ளும். பிணைப்பார் இல்லாத அணுக்கள் மெல்ல அடியில் இறங்கி, குழாயின் அடிப்பகுதியில் செந்நிற வளையமாகப் படியும். வளையம் தெரிந்தால் கரு உண்டு, தெரியாவிடில் இல்லை. எதிர்ப்பொருள் முயலின் குருதியிலிருந்தும் அணுக்கள் ஆட்டிலிருந்தும் பெறப்பட்டதால், விலங்கின் பங்கு முற்றும் நீங்கிவிடவில்லை. ஆயினும் ஒவ்வொரு விடைக்கும் ஓர் உயிர் என்னும் கணக்கு அத்துடன் முடிந்தது.

வேதியியலின் பணி பெரும்பாலும் இங்கே நிறைவுற்றது. பெண்ணின் காத்திருப்போ அப்படியே தொடர்ந்தது. அவள் மருத்துவரிடம் சென்று சிறுநீர் தர வேண்டும். மருத்துவர் அதை ஆய்வகத்துக்கு அனுப்புவார். ஆய்வகம் மருத்துவருக்கு எழுதும். மருத்துவர் அவளை அழைத்துச் சொல்வார். எழுத்தர், தாதி, ஆய்வாளர், மருத்துவர் ஆகிய அனைவரும் அறிந்தபின், கருவைச் சுமப்பவள் கடைசியாக அறிவாள்.

1967-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட் ஆரஞ்ச் என்னும் ஊரில் ஆர்கனான் மருந்து நிறுவனம் இருந்தது. அதன் தாய் நிறுவனம் நெதர்லாந்து நாட்டினது. புதிதாகக் கொண்டுவரவிருந்த ஒப்பனைப் பொருள்களுக்கு வடிவம் தர, மார்கரெட் கிரேன் என்னும் வரைகலை வடிவமைப்பாளரை அந்நிறுவனம் அமர்த்தியது. ஒரு நாள் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கையில், சாய்ந்த கண்ணாடிப் பரப்பின் மேல் வரிசை வரிசையாகச் சோதனைக் குழாய்கள் தொங்குவதை அவர் கண்டார். அவை என்னவென்று கேட்டார். மருத்துவர்கள் அனுப்பிய கருவுற்றல் சோதனைகள் என்றனர். அடியில் வளையம் தோன்றுகிறதா என்பதைக் கண்ணாடியில் பார்த்தால் போதும் என்றும் விளக்கினர்.

நாள்தோறும் அவ்வழியே நடந்தவர்கள் பலர். வேதியியல் கற்றவர்கள், விற்பனை கற்றவர்கள் எனப் பலரும் அக்குழாய்களைக் கண்டிருந்தனர். கிரேன் ஒருவருக்கே, 'இவ்வளவு எளிதெனில் இதைப் பெண்ணே தன் வீட்டில் பார்த்துக்கொள்ளலாமே' என்னும் எண்ணம் எழுந்தது. அறியாமையால் எழுந்த எண்ணமன்று அது. தான் கண்டது ஒரு குழாய், ஒரு கண்ணாடி, சில துளிகள் மட்டுமே என்பதை அவர் பார்த்த பார்வையே அங்கே புதிது. மற்றவர்கள் அதைத் தங்கள் துறையின் உடைமையாகப் பார்த்தனர்.

வீடு திரும்பியதும் அவர் மாதிரி ஒன்றைச் செய்யலானார். மேசையின்மேல் பேப்பர் கிளிப் வைக்கும் ஒளிபுகும் சிறு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அதன் உயரமும் அகலமும் பொருத்தமாக அமைந்தன. உள்ளே சோதனைக் குழாயை நிறுத்த ஒரு தாங்கி, அதன் கீழ்ச் சாய்வாகக் கண்ணாடி, பக்கத்தில் சொட்டுக்குழாய் என அமைத்தார். எவ்வளவு குறைந்த பொருளால் செய்ய முடியுமோ அவ்வளவு குறைத்தார். விலை குறைவாக இருந்தாலன்றி எல்லாப் பெண்களும் வாங்க இயலாது என்பது அவர் கருத்து.

நிறுவனத்தில் அவர் மேலதிகாரிகள் இதை ஏற்கவில்லை. சோதனைகளை அனுப்பும் மருத்துவர்களே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். அவர்களைத் தாண்டிப் பெண்களுக்கு விற்றால் அந்த வணிகம் கெடும் என்றனர். விடை கண்ட பெண் மனம் கலங்கி ஏதேனும் செய்துகொண்டால் யார் பொறுப்பு என்றும் கேட்டனர். முதல் மறுப்பில் வணிகக் கணக்கேனும் உண்டு. இரண்டாவதில், ஒரு செய்தியைத் தாங்கும் வலிமை அச்செய்திக்கு உரியவளுக்கே இல்லை என்னும் முடிவு ஒளிந்திருக்கிறது. மருத்துவர் அறையில் அதே செய்தியைக் கேட்கும் பெண்ணும் பின்னர்த் தனியாகத்தான் வீடு திரும்புகிறாள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த எண்ணம் நெதர்லாந்துத் தலைமையகத்தின் காதை எட்டியது. அங்குள்ளோர் முயன்று பார்க்க இசைந்தனர். உடனே நியூ ஜெர்சி அலுவலகம் தொழில்முறை வடிவமைப்பாளர்களை அமர்த்தி மாதிரிகளைச் செய்யச் சொன்னது. எண்ணத்தை முதலில் சொன்ன கிரேனுக்கு அழைப்பில்லை. மாதிரிகளைப் பார்வையிடும் கூட்டம் நடந்த நாளில் அவர் தாமாகவே உள்ளே சென்று, வரிசையின் கடைசியில் தமது பிளாஸ்டிக் பெட்டியையும் வைத்தார். மற்ற மாதிரிகள், வடிவமைத்த ஆண்கள் பெண்களுக்குப் பிடிக்கும் என்று எண்ணிய அலங்காரங்களோடு இருந்தன. ஒன்றில் போலிக் கற்கள்கூடப் பதிக்கப்பட்டிருந்தன. விளம்பரப் பணிக்காக அழைக்கப்பட்டிருந்த ஐரா ஸ்டர்டெவன்ட் என்பவர் வந்து வரிசையை நோக்கினார். நேரே கிரேனின் பெட்டியைக் கையில் எடுத்து, பயன்படுத்தப்போவது இதைத்தானே என்று கேட்டார். அது பேச்சுக்காக வைத்தது என்று அதிகாரிகள் சமாளித்தனர். ஆயினும் அந்தப் பெட்டியே வென்றது. செய்முறைச் செலவு அதற்கே மிகக் குறைவு. ஸ்டர்டெவன்டும் கிரேனும் பின்னாளில் வாழ்க்கைத் துணைவராகி, நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் ஒன்றையும் சேர்ந்து நடத்தினர்.

1969-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1971-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. கண்டுபிடித்தவர் என்னும் இடத்தில் மார்கரெட் கிரேன் பெயர் உள்ளது. உரிமையோ நிறுவனத்துக்கு. உரிமையை மாற்றித் தருவதற்கு ஈடாக அவருக்குக் குறிக்கப்பட்ட தொகை ஒரு டாலர். அந்த ஒரு டாலரும் தமக்கு வந்து சேரவில்லை என்று அவர் பின்னாளில் கூறினார். இத்தகைய பத்திரங்களில் பெயரளவுக்கு ஒரு டாலர் எழுதுவது அந்நாட்டு வழக்கமே. சட்டப்படி அதில் பிழையில்லை. இங்கே அமர்ந்திருக்கும் இளம் தொழில் முனைவோரும், தம் மகளோ மருமகளோ ஒரு நிறுவனத்துக்குப் புதியதொன்றைச் செய்து தரும் நிலையில் உள்ள பெற்றோரும், அப்பத்திரத்தின் அந்த ஒரு வரியை மனத்தில் இருத்துவது நல்லது. கையொப்பமிட்ட பின்னர்ப் படிப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை.

'பிரெடிக்டர்' என்னும் பெயரில் அந்தப் பெட்டி 1971-இல் கனடாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் வரவில்லை. அங்கே பெண்களின் கையில் இதைத் தரலாமா என்னும் விவாதம் ஓயாதிருந்தது. அந்த விவாதத்தின் நடுவே ஒரு வழக்கு குறிப்பிடத்தக்கது. வேறொரு நிறுவனத்தின் 'ஓவா 2' என்னும் வீட்டுச் சோதனைப் பெட்டியை அரசு பறிமுதல் செய்தது. அது அனுமதி பெறாத மருந்து என்பது அரசின் வாதம். 1975-இல் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருவுறுதல் நோயன்று, உடலின் இயல்பான செயல். ஆகவே அதைக் கண்டறியும் பெட்டி மருந்தாகாது என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஒரு பெட்டியைப் பற்றியது. தீர்ப்பு அதைவிடப் பெரியதொன்றைச் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் மருத்துவச் சாதனங்களுக்குத் தனிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, இத்தகைய பெட்டிகளையும் உணவு, மருந்து நிர்வாகத் துறையின் கண்காணிப்பில் வைத்தது. அதுவும் நன்மைக்கே. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்றிருந்தால், விலை கொடுப்பவர்கள் பெண்களாகவே இருப்பர்.

1977-இன் இறுதியில் 'ஈ.பி.டி.' என்னும் பெட்டி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை 10 டாலர். பெட்டிக்குள் தூய நீர், ஆட்டின் சிவப்பணுக்கள் கொண்ட குழாய், சொட்டுக்குழாய், அடியில் சாய்ந்த கண்ணாடியோடு பிளாஸ்டிக் தாங்கி ஆகியவை இருந்தன. குழாயை அசைக்காமல் இரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். 'உண்டு' என்னும் விடை நூற்றுக்கு 97 முறை சரி. 'இல்லை' என்னும் விடை 80 முறையே சரி. ஆகவே 'இல்லை' என்று வந்தால் ஒரு வாரம் பொறுத்து மீண்டும் சோதிக்கும்படி கூறப்பட்டது. ஐந்தில் ஒரு முறை தவறக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லி விற்றதனால் அந்தப் பெட்டியின் விற்பனை குன்றிவிடவில்லை. இந்த உண்மையைச் சற்றுப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இதற்கிடையே 1972-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஜூடித் வைட்டுகைட்டிஸ், க்ளென் ப்ரான்ஸ்டீன், கிரிஃபின் ராஸ் ஆகியோர் எச்.சி.ஜி.யின் ஒரு கூறை மட்டும் தனித்துப் பிடிக்கும் முறையை வெளியிட்டனர். அந்த ஹார்மோனைச் சுரக்கும் சில புற்றுக்கட்டிகளைப் பின்தொடர்வதே அவர்கள் நாட்டம். அதன் பயனாகக் கருவுற்றலையும் மிக முன்னதாக, உடலின் பிற ஹார்மோன்களோடு குழப்பிக்கொள்ளாமல், காண வழி பிறந்தது. 1988-இல் யூனிபாத் நிறுவனத்தின் 'கிளியர்ப்ளூ', குழாயையும் கண்ணாடியையும் விலக்கி, ஒரே குச்சியில் சில நிமிடங்களில் கோடு காட்டியது. இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் பட்டை அவ்வகையினதே. கொரோனாக் காலத்தில் பலரும் வீட்டில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த சோதனையும் அதே நுட்பத்தின் கிளை.

கிரேனின் பெயர் பல்லாண்டுகள் எங்கும் பேசப்படவில்லை. 2012-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இச்சோதனையின் வரலாற்றை எழுதியபோதும் அவர் பெயர் அதில் இல்லை. அதைக் கண்டபின்னரே அவர் தம் பழைய மாதிரியை வெளிக்கொணர்ந்தார். 2015-இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் அது 11,875 டாலருக்கு விலைபோயிற்று. வாங்கியது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம்.

இனி, இதே எச்.சி.ஜி. தொடர்பான வேறொரு செய்தி. தொழில் முனைவைப் பற்றிப் பேசும் எவரும் அதன் இருண்ட பக்கத்தை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2003-இல் 19 வயது எலிசபெத் ஹோம்ஸ் கலிஃபோர்னியாவில் தெரனோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில துளிக் குருதியில் ஏராளமான சோதனைகளைச் செய்யும் கருவி தம்மிடம் உண்டு என்றார். நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் வரை ஏறியது. பெரிய மனிதர்கள் நிர்வாகக் குழுவில் அமர்ந்தனர். கருவி சொன்னபடி இயங்கவில்லை. 2014-இல் அரிசோனா மாநிலத்தில், முன்பே கருச்சிதைவுகளால் துயருற்றிருந்த ஒரு பெண், அந்நிறுவனத்தின் கடையில் எச்.சி.ஜி. அளவைச் சோதித்துக்கொண்டார். இரண்டாம் முறை சோதித்தபோது அளவு சடுதியில் வீழ்ந்துவிட்டதாக அறிக்கை வந்தது. இக்கருவும் கலைகிறது என்பதே அதன் பொருள். வேறோர் ஆய்வகத்தில் சோதித்தபோது கரு நலமாக இருப்பது தெரியவந்தது. அவருக்கு நலமான குழந்தை பிறந்தது. 2021-இல் அவரும் அவரைக் கவனித்த செவிலியரும் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தனர்.

அந்த நாள்களில் அவர் உள்ளம் பட்ட பாட்டை இங்குள்ள தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தவறான எண்ணை நம்பிச் சிகிச்சை மாற்றப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவும் அச்சமாக இருக்கிறது. நிறுவனம் 2018-இல் மூடப்பட்டது. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பான நான்கு குற்றங்களில் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று; அவ்வாண்டின் இறுதியில் பதினோர் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நோயாளிகளை ஏமாற்றியது தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். செல்வர்களின் இழப்பை எண்ணில் காட்ட முடிந்தது. ஒரு தாயின் கலக்கத்தை அவ்வாறு காட்ட முடியவில்லை.

10 டாலர்ப் பெட்டி தன் குறையைத் தானே சொல்லி நின்றது. 900 கோடி டாலர் நிறுவனம் தன் குறையை மூடி மறைத்தது. பரிசோதனைத் தொழிலில் விற்கப்படும் சரக்கு பட்டையும் குழாயும் அல்ல, ஒரு சொல். உண்டு அல்லது இல்லை என்னும் அச்சொல்லை வாங்குபவர் அதைச் சரிபார்க்கும் நிலையில் இல்லை. துணிக்கடையில் சாயம் போகுமா என்று நனைத்துப் பார்க்கலாம். இங்கே அது இயலாது.

இத்தகைய பழுதுகளுக்குப் பின்னும் புதியவர்கள் வரத்தான் செய்கின்றனர். வரவேண்டிய தேவையும் இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயை எடுத்துக்கொள்ளலாம். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதால் மாதந்தோறும் கடும் வலி உண்டாகும், மகப்பேறும் தடைப்படலாம். மகப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக நல நிறுவனம் கூறுகிறது. வலி தொடங்கியதற்கும் நோய் இன்னதென்று பெயர் சொல்லப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன. ஐயமற உறுதி செய்வதற்கு, வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியைச் செலுத்திப் பார்ப்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. அந்த ஆண்டுகளில் அப்பெண்கள் கேட்கும் சொற்கள் எல்லா நாட்டிலும் ஒன்றே. பெண்ணாகப் பிறந்தால் வலி இருக்கத்தான் செய்யும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும். பாட்டிமார் அன்போடுதான் சொல்கின்றனர். நோய் அதைக் கேட்பதில்லை.

ரிதி தரியால் என்னும் பெண், தம் மகப்பேற்றுத் திறன் குறித்த ஒரு குருதிச் சோதனையை மருத்துவரிடம் கேட்டார். அப்போது கருவுற முயலாதவருக்கு அது எதற்கு என்று மருத்துவர் மறுத்துவிட்டார். பெண்ணே தன் குருதியைத் தானே எடுத்துச் சோதிக்கும் வழியைத் தேடியபோது, போதிய அளவு குருதி வேண்டும், திரும்பத் திரும்பவும் வேண்டும் என்னும் இடர் எழுந்தது. மாதந்தோறும் தானாக வெளிப்படும் குருதி ஒன்று இருக்கிறதே என்னும் எண்ணம் அப்போது பிறந்தது. ஸ்டீபன் கைர் என்பவரோடு சேர்ந்து அவர் 'நெக்ஸ்ட்ஜென் ஜேன்' நிறுவனத்தைத் தொடங்கினார். டாம்பானில் சேரும் மாதவிலக்குக் குருதியிலிருந்து எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய்களின் தடயங்களைத் தேடுவது அவர்கள் பணி. நோய் வேர்கொள்ளும் கருப்பையின் திசுவே அதில் கலந்து வருவதால், கையிலிருந்து எடுக்கும் குருதி சொல்லாததை அது சொல்லக்கூடும். உலகெங்கும் ஒதுக்கி எறியப்படும் பொருள் அது. தமிழ்க் குடும்பங்களில் அதற்கு வழங்கும் பெயரை இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை, அனைவரும் அறிவர். ஆய்வுலகமும் அதை அவ்வாறே ஒதுக்கியிருந்தது என்பதே வியப்பு.

முதலீடு தேடிச் சென்றபோது அவர்கள் கேட்ட பேச்சுகளில் ஒன்று பத்திரிகையில் வந்தது. இது பெண்களுக்கு மட்டுமே பயன்படும், பெண்களோ மக்களில் பாதிதானே என்று ஒருவர் குறைப்பட்டாராம். பாதி மக்கள் என்பது ஒரு வணிகனுக்குச் சிறிய சந்தையாகத் தோன்றிய விந்தையை, அரிசி மண்டியில் அமர்ந்து வளர்ந்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வழியில் வேறு சிலரும் நடக்கின்றனர். சாரா நசேரியின் 'குவின்' நிறுவனம் செய்த நாப்கினில், பிரித்தெடுக்கத்தக்க பட்டை ஒன்று உண்டு. அதில் படியும் மாதவிலக்குக் குருதியை ஆய்வகத்துக்கு அஞ்சலில் அனுப்பினால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு தெரியவரும். 2024-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத் துறை அதற்கு இசைவளித்தது. ஊசி இல்லை, பயணம் இல்லை. பிரான்சில் 'ஸிவிக்' என்னும் நிறுவனம், எண்டோமெட்ரியோசிஸ் நோயை உமிழ்நீரிலிருந்து கண்டறியும் சோதனையை உருவாக்கியுள்ளது. அந்நாட்டு நலவாழ்வுத் துறை அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிடவில்லை, ஒதுக்கிவிடவும் இல்லை. தேர்ந்த மருத்துவமனைகளில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பெண்களுக்கு, அதன் பயனைப் பற்றிய சான்றுகளைத் திரட்டித் தர வேண்டும் என்னும் நிபந்தனையோடு, 2025 முதல் அச்சோதனையின் செலவை அரசே ஏற்று வருகிறது. அதில் சேரும் பெண் ஒரு சிறு குழாயில் உமிழ்ந்து தருகிறாள். விடை அவளைப் பார்க்கும் மருத்துவருக்குச் செல்கிறது.